இரண்டு மாத ரீடிங்

பெருமாள்புரத்தில் டயர்க் கடைக்கு மேலே
காலை ஐந்தரை மணிக் குழு.
மாடிப்படி பதினெட்டு.
ஏறி முடித்ததும் திரும்பிப் போய்விடலாமா
என்று தோன்றும் படி பதினேழாவது.

மகனின் கபடிச் சட்டையில் ஜெபக்கனி,
முதுகில் எண் ஏழு.
சன்னலுக்குத் திரை இழுத்த பிறகு
கறுப்பு அங்கியை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டு
முதல் வரிசைக்கு வரும் மெகராஜ் பானு.
வங்கியில் நகை எடை பார்க்கும் செண்பகவடிவு
தன் எடையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்டர் ஹெப்சிபாவுக்கு வயது இருபத்துநாலு.
"கால் தரையத் தட்டணும்க்கா, இடிக்கக் கூடாது,
கீழ மொதலாளி சத்தம் போடுதாரு."
தட்டத்தான் பார்க்கிறோம்.
எழுபத்தெட்டு கிலோ எப்படி விழுந்தாலும்
இடியாகத்தான் விழுகிறது.

சுவரில் ஒட்டியிருக்கிறது:
ஒரு மணி நேரம், நானூறு கலோரி.
யார் எடுத்த கணக்கு?
கேட்காமல் இருக்க முடியவில்லை என்னால்,
நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
அடுத்தவர் வீட்டில் எரிந்ததற்கு
எண் போடுவது என் பிழைப்பு.

ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல்.
இவ்வளவு நடந்தும் சுகர் ஏன் இருநூற்றுப் பத்து
என்று டாக்டரிடம் கேட்டேன்.
"நின்னு நின்னு நடக்கது நடையில்லம்மா."
கோபம் வந்தது.
ஆனால் ரீடிங்கோடு யாரும் சண்டை போட முடியாது,
அதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம்
எல்லாரும் இடப்பக்கம் போக
கண்ணாடியில் பச்சைச் சுடிதார் ஒருத்தி மட்டும்
வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.
பாவம், யாரோ என்று பார்த்தேன்.

மூன்றாம் வாரம்
விலா எலும்புக்குள் ஏதோ சுற்றத் தொடங்கியது,
பழைய மீட்டரின் அலுமினியத் தட்டு மாதிரி,
சிவப்புக் கோடு வந்து வந்து மறைய.
அந்த மீட்டர்களை எல்லாம் கழற்றியாயிற்று.
ஒன்று என்னிடம் தங்கிவிட்டது போல.

ஆனி மாதம் ஒரு நாள்
பாட்டு பாதியில் அறுந்து, ஃபேன் நின்று, இருட்டு.
முப்பத்திரண்டு பெண்களும்
என்னைத் திரும்பிப் பார்த்தது இருட்டிலும் தெரிந்தது.
"ஏட்டி, ஒங்க ஆளுகளுக்குப் போனப் போடு."
போட்டேன்.
லைன்மேன் எடுக்கவில்லை.
எடுக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

அப்போது முன்வரிசையில் ஒரு கால்
நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது.
பானுவாகத்தான் இருக்கும்.
இன்னொரு கால் சேர்ந்தது, பிறகு இருபது,
"ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு"
என்று செண்பகவடிவு எண்ண,
நாங்கள் இடித்தோம்.
தட்டவில்லை, இடித்தோம்.
கீழே ஷட்டர் கிடுகிடுத்தது.
குற்றாலத்திலிருந்து தப்பி வந்த சாரல் காற்று
திரைக்கு வெளியே நின்றது,
உள்ளே வர இடமில்லாமல்.

கரண்ட் வந்தபோது
பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
அது எங்களை விட மெதுவாக இருந்தது.
ஹெப்சிபா போய் அணைத்துவிட்டு
வரிசையில் வந்து நின்றாள்.

இன்று அந்தத் தெரு எனக்கு.
டயர்க் கடையை ஒட்டி மாடிக்கான தனி மீட்டர்,
வணிக இணைப்பு.
நாலு ஃபேன், ஆறு விளக்கு, ஒரு ஸ்பீக்கர்,
போன தடவையை விட முப்பது யூனிட் கம்மி.
"மேல அந்த ஆட்டம் ஆடுதாவ,
எப்படிக்கா கொறஞ்சிச்சு?" என்றான் கடைப் பையன்.
சரிபார்க்க இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன்.
சரிதான்.
அட்டையில் எழுதிய எண் கொஞ்சம் ஆடியிருந்தது,
நேற்றுப் புது ஸ்டெப், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இரண்டு மாதத்தில் நான் குறைந்தது
எழுநூறு கிராம்.
ஜெபக்கனி நம்பவில்லை,
மிஷின் கோளாறு என்கிறாள்.

அடுத்த வீட்டில் நாய்.
கட்டவில்லை.
தெருமுனை வரை துரத்தியது.
திரும்பிப் பார்த்தேன்:
அதற்குத்தான் மூச்சு வாங்கியது.